எல்லா ஜீப் சேஸும் ஒன்றுதானா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பல வீடுகளில், கொட்டகையின் ஒரு மூலையில் பழைய ஜீப்போ, பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப்போ இன்னும் நின்றுகொண்டிருக்கும். காப்பிப் பழ மூட்டையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மண் பாதையில் முப்பது நாற்பது வருஷம் உழைத்த வண்டிகள். அவற்றைத் திரும்ப ஓடவைக்க ஆசைப்படுபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: “எல்லா ஜீப்பும் ஒண்ணுதாங்க. எதுல இருந்து எதைக் கழட்டிப் போட்டாலும் சேரும்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி நான் கையைச் சுட்டுக்கொண்டவன். அப்பா நாகலூர் பக்கம் ஓட்டிய 1971ஆம் வருஷத்துப் பெட்ரோல் ஜீப்பின் சேஸ் (வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம்), பின்முனையில் விரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்துப் போயிருந்தது. வெளியூரில் இருந்து ‘அதே மாடல்’ என்று சொல்லப்பட்ட ஒரு சேஸை போனில் படம் பார்த்தே வாங்கினேன். பாடியைத் தூக்கி வைத்தோம், உட்கார்ந்தது. இன்ஜினை இறக்கினோம், அது உட்கார வேண்டிய பிராக்கெட் வேறு இடத்தில் இருந்தது. முன்பு டீசல் இன்ஜின் ஓடிய சேஸ் அது. “வண்டிய வாங்கறதுக்கு முன்னாடி அளவ வாங்கியிருக்கணும் தம்பி” என்றார் மேஸ்திரி. அந்த அளவுகள் எவை, அவை ஏன் முக்கியம் என்பதைப் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

நிலையும் கதவும்

பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் நல்ல தேக்குக் கதவு ஒன்று கிடைக்கிறது. உயரம் சரி, அகலம் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப் போனால், கீல் வரவேண்டிய இடத்தில் நம் வீட்டு நிலையில் பள்ளம் இல்லை. தாழ்ப்பாள் துளை அரை அங்குலம் மேலே இருக்கிறது. இதையெல்லாம் ஆசாரி செதுக்கிச் சரிசெய்துவிடுவார். ஆனால் நிலையே சாய்ந்திருந்தால் எந்தக் கதவைக் கொண்டுவந்தாலும் தரையில் உரசத்தான் செய்யும்.

வண்டியில் அந்த நிலைதான் சேஸ். பழைய ஜீப், பிக்கப், லாரி பெரும்பாலானவற்றில் இது ஓர் ஏணி மாதிரி இருக்கும். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீளச் சட்டங்களுக்கு சைடு மெம்பர் என்று பெயர். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் கிராஸ் மெம்பர். இன்ஜின், ஸ்பிரிங், ஸ்டீயரிங் பெட்டி, பாடி எல்லாம் இந்த ஏணியில் ரிவெட் அடித்தோ போல்ட் போட்டோ பொருத்திய பிராக்கெட்டுகளில்தான் உட்காரும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். பழைய வண்டிகளில் பாடியைக் கழற்றி ஓரமாக வைத்தாலும் கீழே ஒரு வண்டி முழுசாக நிற்கும். பாகங்களை மாற்றிப் போடலாம் என்ற நம்பிக்கை பிறந்ததே இதனால்தான்.

இந்த ஏணியின் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பழைய வண்டிகள் பலவற்றில் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த வடிவம் தெரியும். ஒரு பக்கம் திறந்திருக்கும். துணிக்கடையில் சேலை வைத்துத் தரும் அட்டைப்பெட்டியை எடுத்து, மூடி இல்லாமல் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் சுலபமாக நெளியும். மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் அசையாது. திறந்த சட்டம் கொஞ்சம் நெளியட்டும் என்றே அப்படிச் செய்தார்கள். தோட்டத்துப் பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸ் கயிற்றுக்கட்டில் மாதிரி கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். ரிவெட் அடித்த மூட்டுகளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ரப்பர் வைப்பதும் அதற்காகத்தான். ‘பலமாக இருக்கட்டும்’ என்று இரும்புத் தகடு வைத்துத் திறந்த பக்கத்தைப் பாதி தூரம் மட்டும் மூடி வெல்டு அடித்த வண்டிகளில், தகடு முடியும் இடத்தில் விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். நெளிவு முழுவதும் அந்த ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சேஸ் என்பது ஏணி. அதில் உள்ள பிராக்கெட்டுகளின் இடம்தான் எந்தப் பாகம் உட்காரும் என்று முடிவு செய்கிறது. அந்த ஏணி கொஞ்சம் முறுக்கிக்கொடுக்க வேண்டியதும்கூட.

கொலுசுத் திருகு

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய இரண்டு ஜோடி வெள்ளிக் கொலுசுகளின் திருகுகளைக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் திருகு இன்னொன்றில் இறங்காது. ஒவ்வொன்றும் அந்தந்தக் கொலுசுக்கென்று கையால் பார்த்துப் பார்த்துச் செய்தது. தொழிற்சாலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. எந்தத் திருகும் எந்தத் துளையிலும் அரத்தால் தேய்க்காமல் இறங்கவேண்டும் என்று அளவுக்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வைத்துச் செய்வார்கள். பாகம் மாற்றக்கூடியது என்று சொன்னால் இந்த அர்த்தத்தில்தான் சொல்கிறோம்.

இதற்கு ஜீப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்ற ஜீப்பையும், ஃபோர்டு நிறுவனம் அதே வடிவமைப்பில் ஜி.பி.டபிள்யூ. என்ற ஜீப்பையும் செய்தன. இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல். போர்முனையில் உடைந்த இரண்டு வண்டிகளில் இருந்து ஓடும் வண்டி ஒன்றைத் தேற்றவேண்டும் என்பதால், யார் செய்த பாகமும் யார் வண்டியிலும் சேரவேண்டும் என்பது நிபந்தனை. ஆனாலும் இரண்டு சேஸும் அச்சு அசல் ஒன்றல்ல. ரேடியேட்டருக்குக் கீழே உள்ள முன் கிராஸ் மெம்பர் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ வடிவத் தகடு. ஆனால் பாகங்களைப் பொருத்தும் இடங்கள் ஒன்றுபோல இருந்ததால் அச்சும் ஸ்பிரிங்கும் பாடியும் மாறி மாறி உட்கார்ந்தன. வடிவம் மாறலாம், பொருத்தும் இடம் மாறக்கூடாது. இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

கூடவே மரையையும் சொல்லவேண்டும். அமெரிக்க வழியில் வந்த அரை அங்குல சாதா போல்ட்டில் அங்குலத்துக்கு 13 மரை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் விட்வொர்த் போல்ட்டில் 12. ஒன்றின் நட்டு இன்னொன்றில் இரண்டு சுற்று இறங்கி, அப்புறம் இறுகிவிடும். துரு என்று நினைத்து நெம்பினால் மரை போய்விடும். மஹிந்திரா வண்டிகளில் வந்த பெஜோ டீசல் இன்ஜினோ மில்லிமீட்டர் அளவு. ஒரே வண்டியில் இரண்டு அளவும் கலந்திருந்தால், முன்பு யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கத் தோன்றவேண்டும்.

முகமும் எலும்பும்

புதிதாக இறங்குபவர்கள் தவறுவது இங்கேதான், அதுவும் இரண்டு பக்கமாகத் தவறுகிறார்கள். முகம் வேறாக இருந்தால் எலும்பும் வேறு என்று நினைத்துவிடுகிறார்கள். முகம் ஒன்றாக இருந்தால் எலும்பும் ஒன்று என்று நம்பிவிடுகிறார்கள்.

மஹிந்திரா நம் நாட்டில் உரிமம் பெற்றுச் செய்த சி.ஜே.3பி ஜீப்பின் பானெட் உயரமாக, தூக்கலாக இருக்கும். அதற்கு முந்தைய 3ஏ மாடலின் பானெட் தாழ்ந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு வேறு வண்டி என்றே தோன்றும். உயரத்துக்குக் காரணம் இன்ஜின். 3ஏயில் வால்வுகள் எல்லாம் பிளாக்கில், பக்கவாட்டில் இருந்தன. 3பியில் வந்த ஹரிகேன் இன்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்தது, பானெட்டும் கிரில்லும் கூடவே உயர்ந்தன. கீழே வீல் பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள நீளம், இரண்டிலும் 80 அங்குலம்தான், அச்சும் ஸ்பிரிங்கும் நெருங்கிய சொந்தம். பானெட் சேராது என்பதை வைத்து மற்ற எதுவும் சேராது என்று முடிவு கட்டினால் நல்ல பாகங்களை விட்டுவிடுவோம்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பிக்கப்பைச் சொல்கிறேன். இன்ஜினுக்கு மேலேயே ஓட்டுநர் உட்காரும், மூக்கில்லாத எஃப்.சி.150. வில்லிஸ் நிறுவனம் கொண்டுவந்து, பிற்பாடு மஹிந்திராவும் இங்கே செய்த வண்டி. 1957ஆம் வருஷத்து மாடலாக வந்த முதல் வண்டிகள் சி.ஜே.5 ஜீப்பின் சேஸிலேயே கட்டப்பட்டவை. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம் 48 அங்குலத்தை ஒட்டி இருந்தது. உயரமான கேபினுக்கு அது போதாமல், பிறகு சேஸையே மாற்றி 57 அங்குலமாக அகட்டினார்கள். பெயர் அதே 150, வீல் பேஸ் அதே 81 அங்குலம், கேபின் பார்க்க அதே. அச்சோ, ஸ்பிரிங் உட்காரும் இடமோ ஒன்றல்ல.

அமெரிக்காவின் வில்லிஸ் பிக்கப்பும் அப்படித்தான். அதே நிறுவனத்தின் ஸ்டேஷன் வேகனோடு நிறுத்தினால் முகத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வேகனின் வீல் பேஸ் சுமார் 104 அங்குலம், பிக்கப்புக்கு 118. ஷெவர்லே அரை டன் பிக்கப்பில் 1960 முதல் 1962 வரை முன்பக்கம் டார்ஷன் பார் இருந்தது. ஸ்பிரிங் சுருளுக்குப் பதில், முறுக்கிக்கொடுக்கும் ஒரு நீளக் கம்பி அது. 1963இல் சேஸை ஏணி வடிவத்துக்கு மாற்றி, முன்னால் காயில் ஸ்பிரிங் வைத்தார்கள். கேபினைப் பார்த்து வருஷம் சொல்லப் பழகிய கண்ணும் இதில் ஏமாறும், கீழே குனிந்துதான் பார்க்கவேண்டும்.

ஆகவே விற்பவரிடம் “என்ன மாடல்?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருஷம், எந்த இன்ஜின், வீல் பேஸ் எவ்வளவு, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீல் பேஸ் நீண்டால்

முன் அச்சின் நடுவில் இருந்து பின் அச்சின் நடுவரை உள்ள நீளம்தான் வீல் பேஸ். மஹிந்திராவில் 80 அங்குலம் இருந்த ஜீப்பின் வழியில் 91 அங்குல வண்டிகளும் வந்தன. எம்.எம்.540 அப்படிப்பட்டது. வித்தியாசம் 11 அங்குலம். முன் கிரில்லில் இருந்து கியர்பாக்ஸ் வரை பெரும்பாலும் சொந்தம் தொடரும். அதற்குப் பின்னால் உள்ள நீளம் சார்ந்த சாமான் எதுவும் சேராது: பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), பிரேக் பைப், சைலன்சர் பைப், தொட்டியின் தரைத்தகடு.

“நீளச் சேஸை வெட்டிச் சின்னதாக்கிக்கலாமே” என்பவர்கள் உண்டு. அப்படி வெட்டி ஒட்டிய சேஸ்கள் சந்தையில் இருக்கின்றன, பெயின்ட் அடித்தபின் கண்டுபிடிப்பது கஷ்டம். சைடு மெம்பரின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். செங்குத்தாக ஒரு வெல்டு தழும்பு தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். முறுக்கு விழும் சட்டத்தில் நேர்க்கோட்டு வெல்டு, கிழியத் தயாராக இருக்கும் தையல். ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தழும்பை நம்பி ஆட்களை ஏற்ற எனக்கு மனசு வராது.

மாட்டும், ஆனால் சேராது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பாகம் மாட்டவே முடியாவிட்டால் பணம்தான் போகும். மாட்ட முடிந்து, ஓடும்போது உடைவதுதான் ஆபத்து.

அச்சின் நடுவே உள்ள உருண்டைக்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. ஷாஃப்ட் சுற்றும் சின்னது பினியன், சக்கரங்களைச் சுற்றும் பெரியது கிரவுன். போர்க்கால எம்.பி. ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல். வகுத்தால் 4.88. பிற்பாடு வந்த சிவில் ஜீப்களில், 3பி உட்பட, 8க்கு 43 பல், அதாவது 5.38. போர்க்கால வண்டியின் முன் அச்சு சிவில் ஜீப்பின் ஸ்பிரிங்கில் அப்படியே உட்காரும். அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட் இறுகும். வண்டி ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு நாள் நான்கு சக்கர கியரைப் போடுவீர்கள். முன்னும் பின்னும் ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றும். ஷாஃப்ட் 39 சுற்று சுற்றினால் முன்சக்கரம் 8 சுற்று போகப் பார்க்கும், பின்சக்கரமோ ஏழேகால் சுற்றுதான் போகும். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் நடப்பது போல. சேற்றில் சக்கரம் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறி ஏறி, கியர் கழலாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது ஷாஃப்ட் மூட்டில் உள்ள ஜாயின்ட் கிராஸ் தெறிக்கும்.

பிரிக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்க வேண்டிய அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்று என்பது கிரவுனின் ஒரு சுற்று. ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.88, ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் 5.38.

இதைச் செய்யும் முன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்த ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது, பின் ஷாஃப்டைப் பிடிக்கும்படி டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். மலைச் சரிவில் இதை மறந்தால் உயிருக்கே ஆபத்து.

நூல், தூக்குகுண்டு, டேப்

சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மனைக்கு மூலை மட்டம் பார்க்கும் கொத்தனாரிடம் உள்ள சாமான் போதும். சேஸை மட்டமான சிமெண்ட் தரையில் நான்கு முட்டுகள்மேல் ஏற்றுங்கள். முன் ஸ்பிரிங் பிராக்கெட்டுகள் இரண்டு, பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுகள் இரண்டு, நான்கின் துளை நடுவில் இருந்தும் தூக்குகுண்டு தொங்கவிட்டு, தரையில் புள்ளி வையுங்கள். சேஸை நகர்த்திவிட்டு அந்தப் புள்ளிகளை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். நான் வாங்கிய சேஸில் 14 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. எங்கோ மோதி, ஏணி சாய்சதுரமாகிவிட்டிருந்தது. அதில் புது ஸ்பிரிங், புது டயர் என்று எதைப் போட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேதான் போகும்.

அப்புறம் முன்பக்கமும் பின்பக்கமும் குறுக்கே நூல் கட்டி, தரையில் இருந்து இரண்டு பக்க உயரமும் பாருங்கள். முறுக்கு அதில் தெரிந்துவிடும்.

எண்ணும் ஆர்.சி. புத்தகமும்

சேஸ் வெறும் இரும்பாக இருந்தால் இதோடு நிறுத்தலாம். சட்டத்தின் கண்ணில் வண்டியின் அடையாளமே சேஸ் எண்தான். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். வேறு எண் உள்ள சேஸை மாட்டிவிட்டுப் பழைய ஆர்.சி.யை வைத்து ஓட்டுவது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்து வரும் தனி எண் உண்டு. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோட்ட வேலைக்கு ஓட்ட நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

நான் வாங்கிய சேஸைக் கைமாற்றிவிட்டு, அப்பாவின் சேஸுக்கே திரும்பிவந்தேன். துரு தின்ற பின்முனையை மட்டும் சாய்வாக வெட்டி, அதே கனத்தில் தகடு மடித்து, உள்ளே ஒரு துண்டு கொடுத்துச் சேர்த்து, கிராஸ் மெம்பரைப் பழையபடி ரிவெட் அடித்தோம். மூலைக்கு மூலை 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. முன்பக்கம் ஐம்பது வருஷத்துச் சேறும் கிரீஸும் கெட்டிப்பட்டுக் கிடந்த இடத்தை மேஸ்திரி கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆர்.சி. புத்தகத்தில் நீல மையில் எழுதியிருந்த அதே எண்.